பதினோராவது வார்த்தை

லவீனியாவுக்கு அன்று காலையிலிருந்து ஒரே குழப்பம். பட்டியலில் தண்ணீரைச் சேர்ப்பதா, ஜெலாத்தோவைச் சேர்ப்பதா?

தண்ணீர் இல்லாமல் ஒரு பயணி எப்படி இருப்பார்? அது சரி. ஆனால் இவ்வளவு தூரம் மலையேறி ரொக்காமிர்தாவுக்கு வந்துவிட்டு, 'ஜெலாத்தோ' என்று கேட்டு ஒரு ஐஸ்கிரீம் வாங்கத் தெரியாமல் திரும்பிப் போனால் அதுவும் பாவம் இல்லையா?

இரண்டையும் எழுதிவிடலாம்தான். ஆனால் எர்சீலியா டீச்சர் விடமாட்டார்.

"வெளியூர்லேருந்து வர்றவங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய இத்தாலிய வார்த்தைங்க. பத்தே பத்து. பதினொண்ணு எழுதினவங்க நோட்டை நான் திறந்துகூடப் பார்க்கமாட்டேன்" என்று அவர் வகுப்பில் சொல்லியிருந்தார். யாருடைய பட்டியல் நன்றாக இருக்கிறதோ, அதைப் பெரிய பலகையில் எழுதி ஊர்ச் சதுக்கத்தில், பேருந்து நிற்கும் இடத்தில் மாட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை.

லவீனியா சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் அங்கே உட்கார வந்தவள் இல்லை. புதுச் செருப்பு கடித்து அப்பாவின் குதிகாலில் புண். அதற்கு ஒட்டுப் பிளாஸ்திரி வாங்க அம்மா அனுப்பியிருந்தாள்.

"ஒரு மணிக்கு மருந்துக்கடை மூடிடும். ஒரு மணிக்கு நானும் பாஸ்தாவைக் கொதிக்கிற தண்ணியில போட்டுருவேன். நீ லேட்டா வந்தா பாஸ்தா உனக்காகக் காத்திருக்காது" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மருந்துக்கடையும் எதிரேதான் இருந்தது. லவீனியா ஒரு பெருமூச்சு விட்டு, ஜெலாத்தோவை அடித்துவிட்டுத் தண்ணீரை எழுதினாள். 'ஆக்குவா.' பத்து வார்த்தைகள் முடிந்தன. அப்படியே மனசுக்குள் பலகையையும் மாட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு நிழல் அவள் நோட்டின் மேல் விழுந்தது. உச்சி வெயிலிலும் நீளமான நிழல்.

நிமிர்ந்து பார்த்தாள். நிழலைவிட நெட்டையாக ஒரு மனிதர் நின்றிருந்தார். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. மனைவியின் தோளில் தலையைச் சாய்த்தபடி ஐந்து வயதுப் பெண் குழந்தை. ஜூன் மாத வெயிலில் அந்தக் குழந்தையின் தலையைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டியிருந்தார்கள்.

அவர் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். லவீனியாவுக்குப் பள்ளியில் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் நிறங்களும் விலங்குகளும்தான். மஞ்சள் குதிரை, பச்சைப் பூனை என்றெல்லாம் அவளால் சொல்ல முடியும். ஆனால் இங்கே குதிரையும் இல்லை, பூனையும் இல்லை.

அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். திரை கறுப்பாக இருந்தது. மலை உச்சியில் தெரிந்த பழைய கோட்டையைச் சுட்டிக்காட்டிப் படமெடுப்பதுபோல நடித்தார். கோட்டையைப் படமெடுத்தே சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு "பெக்கா" என்றார். மனைவியைக் காட்டி "ஸாத்து" என்றார். குழந்தையைக் காட்டி "ஐனோ" என்றார். பையில் தைத்திருந்த சின்னக் கொடியைக் காட்டி "ஃபின்லாந்து" என்றார். கடைசியாகக் குழந்தையின் காதைக் காட்டி முகத்தைச் சுளித்தார்.

"ஓ! காது வலியா?" என்றாள் லவீனியா.

ஐனோ சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சத்தம் போட்டு அழுதால் இன்னும் வலிக்கும்போலிருக்கிறது. லவீனியாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஸாத்து ரயில் சீட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு மணிக்கு மலையடிவாரத்து ஊரிலிருந்து ரயில். கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினாள். அப்புறம் ஐனோவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இரவு முழுவதும் ரயிலில் போக வேண்டும், இந்த வலியோடு எப்படிப் போவது என்று கேட்கிறாள். இது லவீனியாவுக்குப் பட்டியல் எதுவும் இல்லாமலே புரிந்தது.

அந்த ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் பன்னிரண்டே முக்கால் பேருந்தில் போயாக வேண்டும். அதை விட்டால் அன்றைக்கு வேறு பேருந்து கிடையாது. ஓட்டுநர் செவெரீனோ தன் சொந்த மாமியாருக்காகக்கூட ஒரு நிமிடம் நிறுத்தாதவர்.

"மருந்துக்கடை அதோ!" பச்சைச் சிலுவை விளக்கை லவீனியா காட்டினாள். பிறகு ஒரு நல்ல யோசனை வந்தது. நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

தன் பட்டியலுக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டார்! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உள்ள போனதும் இதைச் சொல்லணும். புவோன்ஜோர்னோ. வணக்கம்!"

"புவோன்ஜோர்னோ" என்றார் பெக்கா, தேர்வு எழுதுகிற மாணவன்போல.

"இது பெர் ஃபவோரே. தயவுசெஞ்சுன்னு அர்த்தம். இது கிராட்சியே, நன்றி. இது மி ஃபா மாலே, வலிக்குதுன்னு. அப்படிச் சொல்லிட்டுக் காதைக் காட்டுங்க. கடைசியா இது. குவாந்தோ கோஸ்தா? எவ்வளவுன்னு கேக்கறதுக்கு."

ஒவ்வொன்றையும் அவள் நடித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. பெக்கா தலையைக் குனிந்து மருந்துக்கடைக் கதவுக்குள் நுழைந்தார்.

லவீனியா பெஞ்சில் ஐனோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நிமிட வேலை. அவர் வந்ததும் தானும் போய்ப் பிளாஸ்திரி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து ஒரேஸ்தே தாத்தா மருந்துப் பையோடு வெளியே வந்தார். சரி, அவர் முன்னாடியே உள்ளே இருந்தவர். அடுத்து பெக்காதான் வருவார்.

வந்தது பேக்கரி ஜூலியோ.

லவீனியா விழித்தாள். ஜூலியோ, பெக்காவுக்கு அப்புறம்தானே உள்ளே போனார்? அவள் கண்ணாலே பார்த்தாளே!

பிறகு பல்மீரா அம்மாள் உள்ளே போனார். அவர் பின்னால், சிஞோரா இமெல்தா என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் அம்மாள் போனார். தொனாத்தோ மாமாவும் போனார். பெக்கா மட்டும் வரவே இல்லை.

லவீனியா ஐனோவுக்கு ஒரு பூனை வரைந்து காட்டினாள். ஐனோ சிரிக்கவில்லை. பூனைக்கு மீசை வரைந்தாள். அதற்கும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு இருபது ஆகிவிட்டது. ஸாத்து கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லவீனியா எழுந்து போய்க் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே நடந்தது அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. கடைக்காரர் சிஞோரா ஃபுல்வியா மேசைக்குப் பின்னால் இருந்தார். பெக்கா, சிஞோரா இமெல்தாவின் முதுகுக்குப் பின்னால் கம்பம்போல நேராக நின்றிருந்தார். இமெல்தா நகர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பெக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொனாத்தோ மாமாவின் பின்னால் போய் நின்றார். தொனாத்தோ மாமா பற்பசை அலமாரியை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். பெக்கா மறுபடியும் தனியாக நின்றார். கடைசியில் எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

யாரும் அவரை முறைக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். லவீனியாவைக் கண்டதும் காகிதத்தை உற்சாகமாக ஆட்டிக் காட்டினார்.

அப்படியானால் எல்லாம் சரியாகத்தானே போகிறது? பின்னே ஏன் மருந்து கிடைக்கவில்லை?

'நான்தான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?' திரும்பி பெஞ்சுக்கு ஓடினாள். பத்து வார்த்தைகளையும் விரல்விட்டு எண்ணினாள். வணக்கம் இருக்கிறது. தயவுசெய்து இருக்கிறது. மன்னியுங்கள், நன்றி, எங்கே, எவ்வளவு... எல்லாமே இருக்கிறது! இதற்கு மேல் ஒரு மனிதருக்கு மருந்து வாங்க என்னதான் வேண்டும்?

பன்னிரண்டரை ஆயிற்று. இதற்குள் ஐனோ தன் அம்மாவின் மடியில் சுருண்டு படுத்துவிட்டாள்.

இனி யோசித்துக்கொண்டிருந்தால் ஆகாது. லவீனியா நேராகப் போய்க் கடைக் கதவைத் தள்ளினாள். கதவு மணி கிணுகிணுத்தது.

"புவோன்ஜோர்னோ! கி எ லுல்திமோ?" என்றாள். யார் கடைசி?

"நான்தான் கண்ணு" என்று தொனாத்தோ மாமா கையைத் தூக்கினார்.

"சரி மாமா" என்றாள் லவீனியா.

அடுத்த நொடியே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இப்போ என்ன கேட்டேன்?

ரொக்காமிர்தாவில் யாரும் வரிசையில் நிற்பது கிடையாது. மருந்துக்கடையானாலும் தபால் நிலையமானாலும், உள்ளே நுழைந்ததும் யார் கடைசி என்று கேட்க வேண்டும். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்து நீ. அவ்வளவுதான். அதற்கப்புறம் நாற்காலியில் உட்காரலாம், கதை பேசலாம், பற்பசையை வேடிக்கை பார்க்கலாம். உன் இடம் எங்கும் போகாது. கேட்காமல் நின்றாலோ, நீ வரிசையிலேயே இல்லை. பேச்சுத் துணைக்கு வந்தவர், வெயிலுக்கு ஒதுங்கினவர் என்று விட்டுவிடுவார்கள். அப்படி வருகிறவர்களும் தினம் நாலு பேர் உண்டு.

இதை லவீனியாவுக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்த காலத்திலிருந்தே தெரியும். அதனால்தான் பட்டியல் போடும்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

எடை இயந்திரத்தின் பக்கத்தில் பெக்கா பொறுமையாக நின்றிருந்தார். பட்டியலில் ஒன்பது வார்த்தைகளுக்குப் பக்கத்தில் குறி போட்டிருந்தார். ஒன்பதையும் எப்படியோ சொல்லி முடித்துவிட்டிருக்கிறார், பாவம்!

"இவரு இன்னும் ஏன் இங்கயே நிக்கிறாரு?" என்று லவீனியா சத்தமாகக் கேட்டாள்.

"யாரு, இந்த நெட்டையரா?" பல்மீரா அம்மாள் திரும்பினார். அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றியிருந்தது. "தங்கமான மனுஷன். நான் வந்ததும் தலையைக் குனிஞ்சு வணக்கம் சொன்னாரு. நான் தும்மினேன், அதுக்கும் ஒரு நன்றி சொன்னாரு."

"எனக்கு ஸீ, நோன்னு, ஆமாவும் இல்லையும் ரெண்டுமே சொன்னாரு" என்றார் இமெல்தா. "நான் அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

"எடை மெஷினைச் சரி பண்ண வந்தவருன்னு நினைச்சேன்" என்றார் தொனாத்தோ மாமா. "எப்போ ஆரம்பிப்பாருன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"நான் யாரோட வீட்டுக்காரரோ, துணைக்கு வந்திருக்காருன்னு நினைச்சேன்" என்றார் சிஞோரா ஃபுல்வியா. "காதைக் காட்டிக் காட்டிப் பேசினாரு. பாட்டுச் சத்தத்துல காது வலிக்குதுங்கறாருன்னு ரேடியோவை வேற குறைச்சேன்."

"அவர் மருந்து வாங்க வந்தவர்! அவரோட பொண்ணுக்குக் காது வலி. பன்னிரண்டு மணிக்கே வந்துட்டாரு. பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும்!"

எல்லோரும் பெக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இமெல்தா மெதுவாகக் கேட்டார்.

"சரிடி பொண்ணே. ஆனா அவர் யாருக்குப் பின்னாடி?"

அதுதான் கேள்வி. ரொக்காமிர்தாவில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் மேசைப் பக்கம் போக முடியாது.

"எனக்குப் பின்னாடி தொனாத்தோ. தொனாத்தோவுக்குப் பின்னாடி நீ. நடுவுல இவரை எங்க சொருகறது?" என்றார் இமெல்தா.

"எனக்குப் பின்னாடி இமெல்தாதான், வேற யாருமில்ல" என்றார் பல்மீரா.

"அவர் கேக்கவே இல்லையே!" என்றார் தொனாத்தோ மாமா.

"கேக்கணும்னு அவருக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு லவீனியா தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து. அழுகை வரப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பல்மீராம்மா, நீங்க வந்தப்ப இவர் இங்க இருந்தாரா?"

"இருந்தாரே! வணக்கம் சொன்னாருன்னு இப்பதானே சொன்னேன்."

"உங்களுக்கு முன்னாடி யாரு?"

"பேக்கரி ஜூலியோ."

"ஜூலியோவும் இவருக்கு அப்புறம்தான் வந்தாரு. நான் பெஞ்சிலேருந்து பார்த்தேன். ஜூலியோ உள்ள வந்து 'யார் கடைசி'ன்னு கேட்டப்போ யாரு கையைத் தூக்கினது?"

எல்லோரும் சிஞோரா ஃபுல்வியாவைப் பார்த்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரேஸ்தே தாத்தா" என்றார்.

"அப்போ இவர் ஒரேஸ்தே தாத்தாவுக்குப் பின்னாடி!" என்றாள் லவீனியா.

"ஒரேஸ்தே வீட்டுக்குப் போய் அரை மணியாச்சே! இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருப்பாரு" என்றார் தொனாத்தோ மாமா. சொல்லிவிட்டு, சொன்னதன் அர்த்தம் புரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். "அடக் கடவுளே! அப்போ நாம எல்லாருமே இவரைத் தாண்டிக்கிட்டுப் போயிருக்கோம்!"

பல்மீரா அம்மாளின் கையிலிருந்த கருவி 'பீப்' என்றது. ஃபுல்வியா எட்டிப் பார்த்தார். "அழுத்தம் நூத்தி எண்பது!"

"பின்னே ஏறாதா? இப்படி ஒரு பாவத்தைப் பண்ணிட்டு!" பல்மீரா அம்மாள் பட்டையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார். "வாங்கய்யா, வாங்க! நீங்க முதல்ல!"

"வாங்க, வாங்க!" என்றார் இமெல்தா. தொனாத்தோ மாமா பெக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளவே தொடங்கிவிட்டார்.

பெக்கா மிரண்டுபோனார். இத்தனை நேரம் யாரும் தன்னைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். அடுத்தவர்களை முந்திக்கொண்டு போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "நோ, நோ" என்று பணிவோடு தலையை அசைத்து, பல்மீரா அம்மாளுக்கு வழிவிட்டார். பல்மீரா அவருக்கு வழிவிட்டார். அவர் தொனாத்தோவுக்கு வழிவிட்டார். ஆளாளுக்கு வழிவிட்டதில் மேசை மட்டும் காலியாக இருந்தது.

"இப்படியே போனா பஸ் போயிடும்!" என்று லவீனியா கத்தினாள்.

பெக்காவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். வரிசையாகக் குச்சி மனிதர்களை வரைந்தாள். முதலில் தடி ஊன்றிய ஒரு தாத்தா. அடுத்து மிக நெட்டையாக ஒருவர். அதன்பின் ரொட்டியோடு ஒருவர், பருமனாக ஓர் அம்மாள், இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் கடைசியில் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண். பிறகு ரொட்டிக்காரரையும் தாத்தாவையும் அடித்தாள். முதலில் நின்றது நெட்டை மனிதர்.

காகிதத்தின் அடியில் பெரிதாக எழுதினாள்: கி எ லுல்திமோ? அதைச் சுட்டிக்காட்டி, கதவைத் திறந்து உள்ளே வருவதுபோல நடித்து, சுற்றிலும் பார்த்துக் கேட்டாள். தொனாத்தோ மாமா சட்டென்று கையைத் தூக்கினார். லவீனியா அவருக்குப் பின்னால் தன்னைக் காட்டினாள்.

பெக்கா படத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பற்பசை அலமாரியைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"ஆஆஆ!" என்றார். இத்தனை நேரம் அவர் தேடிக்கொண்டிருந்த வரிசை எல்லோர் தலைக்குள்ளும் இருந்திருக்கிறது!

நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, கடைக்கே கேட்கும்படி சொன்னார். "கி எ லுல்திமோ?"

"ஒரேஸ்தே!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஒரேஸ்தே போயாச்சு! அடுத்தது யாரு?" என்று ஃபுல்வியா கேட்டார்.

லவீனியா பெக்காவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அது கிட்டத்தட்டக் கூரையைத் தொட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெளியே ஓடிப்போய் ஸாத்துவையும் குழந்தையையும் கூட்டி வந்தது லவீனியாதான். ஃபுல்வியா ஐனோவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வயது எத்தனை என்று விரலால் கேட்டார். வலி குறைவதற்கு ஒரு மருந்துப் புட்டியை எடுத்தார். கடையிலேயே முதல் வேளையை அளந்து குடிக்க வைத்தார். அடுத்த வேளைகளுக்கு எத்தனை மணி, எவ்வளவு என்று காகிதத்தில் கடிகாரம் வரைந்து கொடுத்தார்.

"ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டணும். கட்டாயம்" என்று ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் வரைந்தார்.

பெக்கா பட்டியலைப் பார்த்தார். ஒன்பது குறிகள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. முக்கால் மணி நேரமாக அதைச் சொல்வதற்காகத்தான் காத்திருந்தார்.

"குவாந்தோ கோஸ்தா?" என்றார் ஆனந்தமாக.

கடையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே பேருந்தின் ஒலிப்பான் அலறியது. லவீனியா முன்னால் ஓட, அவள் பின்னால் மூன்று பேரும் ஓடினார்கள்.

பேருந்துக் கதவை மொய்த்துக்கொண்டு ஒரு கூட்டம். மூட்டையும் முடிச்சுமாகப் பதினைந்து பேராவது இருப்பார்கள். பேருந்து விஷயத்தில் ரொக்காமிர்தாவுக்கு எந்த முறையும் கிடையாது. முழங்கை பலமுள்ளவர் முதலில் ஏறுவார். மற்றவர்கள் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு இந்த மூன்று பேர் எப்படி ஏறப் போகிறார்கள்?

பெக்கா கூட்டத்தின் பின்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது. ஆனாலும் நிமிர்ந்து, தான் கற்றுக்கொண்டதைச் சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"புவோன்ஜோர்னோ! கி எ லுல்திமோ?"

முழங்கைகள் அப்படியே நின்றன. தலைகள் திரும்பின. பேருந்துக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசியா? யாரு கடைசி?" என்றார் ஒருவர்.

"நான்தான்... நான்தான்னு நினைக்கிறேன்" என்று செர்ரிப் பழப் பெட்டியோடு நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"அப்போ உனக்கு முன்னாடி யாரு?"

"இந்தக் குடை வெச்சிருக்கறவரு."

"நான் இல்லம்மா, எனக்கு அப்புறம் அந்தப் பையன் வந்தான்!"

"இங்க என்ன நடக்குது?" செவெரீனோ சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஏறப் போறீங்களா, மாநாடு நடத்தப் போறீங்களா?"

"இருய்யா, யாருக்கு அப்புறம் யாருன்னு பார்த்துக்கிட்டிருக்கோம்!" என்று பத்துக் குரல்கள் அவர்மேல் பாய்ந்தன. செவெரீனோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொருவராக, யாரும் யாரையும் தள்ளாமல் ஏறினார்கள். ஐனோவைப் பார்த்ததும் செர்ரிப் பெண், "குழந்தை முதல்ல ஏறட்டும்" என்று பெட்டியை ஒதுக்கி வழிவிட்டாள். பேருந்து பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. செவெரீனோவின் மாமியார் இதைக் கேள்விப்பட்டால் என்ன சொல்வாரோ தெரியாது.

சன்னல் வழியாக ஐனோ எட்டிப் பார்த்தாள். கம்பளித் துண்டு கொஞ்சம் நழுவியிருந்தது. கையில் லவீனியா வரைந்து கொடுத்த மீசைப் பூனை. அதைப் பார்த்து இப்போது மெல்லச் சிரித்தாள்.

பேருந்து மலைப்பாதையின் கடைசி வளைவில் மறையும் வரை லவீனியா கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பிளாஸ்திரி!

ஓடினாள். தேவாலய மணி ஒன்று அடித்தது. மருந்துக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே ஷூ போட்ட ஒரு கால் மட்டும் குறுக்கே நீட்டியிருந்தது.

"மூட விடமாட்டேன்" என்ற தொனாத்தோ மாமாவின் குரல் உள்ளிருந்து கேட்டது. "எனக்குப் பின்னாடி அந்தப் பொண்ணு இருக்கு."

வீட்டில் பாஸ்தா கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது. அம்மா திட்டினாள். அப்பா பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அம்மாவைச் சமாதானப்படுத்தினார். லவீனியா இரண்டையுமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் புதுப் பக்கத்தில் பத்து வார்த்தைகளையும் மறுபடி எழுதினாள். பதினோராவதாக, 'கி எ லுல்திமோ?' என்று எழுதினாள். டீச்சர் நோட்டைத் திறக்கமாட்டார். திறக்காவிட்டால் பலகையும் போச்சு. ஆனால் எதை அடிப்பது? நன்றியையா? தண்ணீரையா? ஒன்றும் முடியவில்லை. போகட்டும், பதினொன்றாகவே இருக்கட்டும். டீச்சர் கேட்டால் பன்னிரண்டு மணியிலிருந்து நடந்த கதையைச் சொல்லிவிடலாம்.

அந்தப் பதினோராவது வார்த்தையின் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பேருந்துக்கு இது பொருந்தாது' என்று ஒரு குறிப்பும் எழுதினாள்.

பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ரப்பரை எடுத்து அந்தக் குறிப்பை மட்டும் அழித்துவிட்டாள்.